படிக்கட்டில் படுப்பவருக்குப் போர்வை கொடுத்தது போதும், பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் காவடிகளுக்குப் பந்தல் போடும் வேலையோடு இன்னொரு பேச்சும் கிளம்பிவிடும். பேருந்து நிலையத்திலும் மலையடிவாரத்திலும் படுத்துக் கிடப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பார்கள். டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கு முன் அதே பேச்சு மறுபடி வரும். அப்புறப்படுத்தி எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரம். நகரி, புத்தூர்ப் பக்கம் விழா வந்தால் அவர்களுக்குத் தமிழ்நாடு பக்கத்தில் இருக்கிறது. எல்லையோரத்து ஊரில் வீடற்றவர்களே இல்லை என்று காட்டுவதற்கு மலிவான வழி, அவர்களை வண்டியில் ஏற்றிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவது. ஆள் இரண்டு நாளில் ரயிலேறித் திரும்பிவிடுவார். மூட்டை திரும்பாது. ஆதார் அட்டையும் மாத்திரைச் சீட்டும் அந்த மூட்டையில்தான் இருந்திருக்கும். அதன்பின் அவருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வீடற்றோருக்கான வேலையில் எல்லையின் இருபுறமும் ஈடுபட்டிருப்பவர்கள் என்ற முறையில், ஊர்க்காரர்கள் தாங்களாகவே செய்யக்கூடியவற்றையும், செய்யப்போய்க் கெட்டுப்போகிற இடங்களையும் எழுதுகிறோம். கடிதம் நீளமாகிவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

முதலில் சோறு. 2021 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கப்பட்ட மூன்று கோயில்களில் திருச்செந்தூர், சமயபுரத்தோடு திருத்தணியும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு குழுக்கள் ஒரே அடிவாரத்தில் ஒரே நேரத்தில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் பாதி சாக்கடைக்குப் போகும். கால் புண்ணோடு மலையேற முடியாதவர், பார்வை மங்கியவர், படுத்த படுக்கையாகிவிட்டவர் ஆகியோருக்கு மட்டும்தான் சாப்பாடு கீழே வர வேண்டும். அதுவும் ஞாயிறு மட்டுமல்ல, தினமும். மார்கழியில் போர்வைக்கும் இதே கதைதான். ஒரே ஆளுக்கு மூன்று போர்வை சேரும். வைக்க இடமில்லாததால் இரண்டை விற்பார். விற்றதற்காக அவரைத் திட்டுகிறோம், பூட்டி வைக்க ஒரு பெட்டி கொடுக்க நமக்குத் தோன்றுவதில்லை. நன்கொடையாளர்கள் அடுத்த முறை போர்வைக்குப் பதிலாக இரும்பு அலமாரியும் பூட்டும் வாங்கித் தரலாம்.

குறைவாக இருப்பது தகவல். யார், எந்த ஊர், என்ன மொழி, ஏன் வந்தார், அடுத்து என்ன ஆக வேண்டும் என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களைப் பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. தில்லிக்கு அந்த எண் உதவும். திருத்தணிக்கோ அரக்கோணத்துக்கோ காட்பாடிக்கோ வேண்டியது பெயர்ப் பட்டியல்.

பட்டியல் எடுக்க ஒரு வார வேலை போதும். கிருத்திகை, செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு, முகூர்த்த நாள் எல்லாம் விலக்கி மூன்று இரவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தில் படுத்திருக்கும் பாதயாத்திரை பக்தர்களையும் சேர்த்து எண்ணிவிடுவோம். இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு முன் போனால் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் கலந்திருப்பார்கள். நான்கு மணிக்கு மேல் போனால் குப்பை பொறுக்குவோர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவராவது தெலுங்கு பேச வேண்டும், ஒரு குழுவிலாவது பெண் இருக்க வேண்டும். முதல் இரவில் யாரையும் எழுப்பக் கூடாது. எந்த இடத்தில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, குழந்தை உண்டா என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வர வேண்டும். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் அடிக்க வேண்டும். இதை எழுதிச் சொல்லாவிட்டால் புதிதாக வருபவர்கள் முகத்தில்தான் அடிப்பார்கள், எழுந்தவர் காவல்துறை என்று நினைத்து ஓடிவிடுவார், அடுத்த இரவு அந்த இடம் காலியாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் இரவுகளில் விழித்திருப்பவர்களிடம் மட்டும் பேச வேண்டும். மூன்று இரவும் ஒரே இடத்தில் இருப்பவர்தான் உங்கள் ஆள்.

தேட வேண்டிய இடங்களில் பேருந்து நிலையமும் நடைமேடையும் எல்லோருக்கும் தெரிந்தவை. விட்டுப்போகிற இடங்கள் வேறு. மூடிய கடைகளின் ஷட்டர் ஓரம், ஏடிஎம் பக்கவாட்டு, மேம்பாலத்தின் கீழ், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு வராந்தா, சரக்கு லாரி நிற்கும் இடம், கட்டி முடிக்காத கட்டடம், விசைத்தறிக் கூடத்தின் பின்பக்கம். பள்ளிப்பட்டு, ஏகாம்பரகுப்பம் பக்கத்துத் தறிக்கூடங்களில் வேலை நின்றவுடன் படுக்கையும் போய்விடும் ஆட்கள் உண்டு. இவர்கள் வேலையிருக்கும்வரை வீடற்றவர் கணக்கில் வராதவர்கள். பெண்களைத் திறந்தவெளியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில், பூக்கடை ஓரமாக, மருத்துவமனையில் யாருக்கோ துணைக்கு வந்தவர் போல உட்கார்ந்தே தூங்குவார்கள். வேலூரில் இது இன்னும் சிக்கல். வட மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து கையிருப்பு தீர்ந்து தெருவுக்கு வந்தவர்களுக்கு வேண்டியது காப்பகம் இல்லை, ஒரு மாத மலிவு வாடகை அறை.

ஆளுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதினால் போதும். பெயர், கூப்பிடும் பெயர், தோராய வயது, மொழி, படுக்கும் இடம், எவ்வளவு நாளாக, கடைசியாகக் கூரைக்குக் கீழே படுத்த ஊர், அங்கிருந்து வந்த காரணம், கையில் உள்ள தாள்கள், உடம்பில் உள்ள பிரச்சினை, அவர் நம்புகிற ஒரு டீக்கடைக்காரரோ பூக்காரம்மாவோ. பக்கத்தின் அடியில் எழுதும் மூன்று வரிகள்தான் உயிர்: அடுத்து ஆக வேண்டிய ஒரே ஒரு காரியம், அதற்குப் பொறுப்பான ஒரு ஆள், தேதி. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதிய பக்கம் ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடி அந்தக் காரியங்கள் நடந்தனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர் எத்தனை, கூரைக்குப் போனவர் எத்தனை, போய்த் திரும்பியவர் எத்தனை என்ற மூன்று எண்கள் ஊரின் உண்மை நிலையைச் சொல்லிவிடும். மூன்றாவது எண்ணை மறைக்காமல் எழுதுகிற குழுவை நம்பலாம். நோட்டு ஒருவரிடம் பூட்டில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போடக் கூடாது.

ஊர் கண்டுபிடிப்பது எல்லைப் பகுதிக்கே உரிய வித்தை. தெலுங்கு பேசுபவரிடம் "மீ ஊரு ஏதி?" என்று கேட்டால் பலர் "திருத்தணி" என்றே சொல்வார்கள், பயத்தில் அல்லது பழக்கத்தில். மாவட்டம் கேட்டும் பயனில்லை. ஆந்திரத்தில் 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபின் சொந்த ஊர்க்காரர்களே தடுமாறுகிறார்கள். சந்தை எந்தக் கிழமை, பக்கத்து சினிமாக் கொட்டகை பெயர், ஆஸ்பத்திரிக்குப் போக எந்த ஊருக்குப் பஸ் ஏறுவீர்கள், ஊர்த் திருவிழா எந்த அம்மனுக்கு, இப்படிக் கேட்டால் வளையம் சுருங்கும். இன்னொன்று வீட்டுப் பெயர். தெலுங்குக்காரர்களுக்கு "இண்டி பேரு" முன்னால் வரும். நம் பக்கத்துப் பதிவேட்டில் அதை இனிஷியலாகச் சுருக்கி எழுதிவிடுவதால், ஆந்திரக் காவல் நிலையத்தில் அந்தப் பெயரில் தேடினால் ஆளே இல்லை என்பார்கள். வீட்டுப் பெயரை முழுதாகக் கேட்டு எழுதுங்கள். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதால், வயதானவர் ஒருவர் "சித்தூர் ஜில்லா" என்று சொன்னால் அது இந்தப் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கலாம்.

இனி தாள்கள். இங்கேதான் எல்லைக்கோடு வயிற்றில் அடிக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து 4,000 ரூபாய், ஒன்றாம் தேதி கிராம, வார்டு சச்சிவாலய (செயலக) ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கைத்தறி நெசவாளருக்கு 50 வயதிலேயே அது கிடைக்கும். ஆகவே திருத்தணிப் படிக்கட்டில் படுத்திருக்கும் முதியவருக்கு, அரைமணி நேரப் பஸ் தூரத்தில் அவர் பெயரில் ஒரு உதவித்தொகை இருக்கக்கூடும், இருந்து நின்றுபோயிருக்கவும் கூடும். இங்கே அவருக்குப் புதிதாக 1,200 வாங்கித்தர ஆறு மாதம் அலைவதற்கு முன், அங்கே ஒரு போன் செய்து கேட்பது புத்திசாலித்தனம். இரண்டு பக்கமும் விண்ணப்பித்து வைப்பது மட்டும் வேண்டாம். ஆதார் ஒன்று என்பதால் இரண்டுமே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

ரேஷனுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தமிழ்நாடு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் சேர்ந்தது. ஆந்திர அட்டை மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால் கைரேகை வைத்து இங்கேயே தானியம் வாங்கலாம். நடைமுறையில் தடுப்பது கைரேகை. தறியிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரல் எந்திரத்தில் விழாது. கண் கருவிழிப் பதிவு இருக்கும் கடையாகப் பார்த்து அழைத்துப் போக வேண்டும்.

ஆதார் தொலைந்து, எண்ணும் நினைவில்லாதவருக்கு ஒரு வழி உண்டு. ஆதார் சேவை மையத்தில் புதிதாகப் பதிவு செய்யப் போனால், ஏற்கெனவே பதிவு உள்ளவரின் விண்ணப்பம் இரட்டைப் பதிவு என்று நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்பே அவருக்கு ஒரு பழைய எண் இருக்கிறது என்பதற்குச் சான்று. அதை வைத்து மையத்தின் மேலதிகாரிகள் வழியாக மீட்டெடுக்கலாம். நாட்டில் பல இடங்களில் காணாமல் போனவர்கள் வீடு சேர்ந்தது இப்படித்தான். முகவரி இல்லாதவருக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றை ஆதார் ஏற்கிறது. வாக்காளர் அட்டைக்கு இதுகூட வேண்டாம். படிவம் 6-இல் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று ஒரு நாளுக்கு மேல் பார்த்து உறுதி செய்வார் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. இரவில் வரச் சொல்லி அலுவலரை நினைவூட்டுவது மட்டும் நம் வேலை.

பிள்ளைகளால் கோயிலில் விட்டுச் செல்லப்பட்ட பெற்றோருக்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கைவிடுவது 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம். ஆனால் தண்டனையைக் காட்டி மிரட்டுவதைவிட, மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு மனுப்போடுவதே பலன் தரும். பெரியவர் இப்போது வசிக்கும் மாவட்டத்திலோ, கடைசியாக வசித்த மாவட்டத்திலோ, பிள்ளை இருக்கும் மாவட்டத்திலோ மனு தரலாம். எனவே மகன் புத்தூரில் இருந்தாலும் திருத்தணி கோட்டாட்சியரிடம் தொடங்கலாம். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ அமைப்போ மனுப்போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. தெருவில் தனியாகக் கிடக்கும் முதியவரைப் பார்த்தால் 14567 என்ற எண்ணுக்கும், குழந்தையானால் 1098-க்கும், பெண்ணுக்கு ஆபத்தென்றால் 181-க்கும் அழைக்கலாம். அழைத்துவிட்டு நகர்ந்துவிடாமல், யார் வந்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

மனநோயால் அலைபவர்கள் விஷயத்தில் ஊரும் காவல்துறையும் சட்டத்தை மறந்தே நடக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு தெளிவானது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவரைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் வீடற்றவரென்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், குடும்பத்தைத் தேடுவதும் நிலையப் பொறுப்பாளரின் கடமை. சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால் வீடற்றோருக்கான அரசுக் காப்பகத்தில் விட வேண்டும். சிகிச்சை இலவசம். இந்தப் பிரிவை ஒரு தாளில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்துக் கையில் வைத்திருந்தால் காவல் நிலையத்தில் பேச்சு சீக்கிரம் முடியும். ரயில்வே காவல்துறைக்கும் ஒரு பிரதி கொடுத்துவைப்பது நல்லது. நம் ஊருக்கு ஆள் வந்து இறங்குவது பெரும்பாலும் ரயிலில்தான்.

"ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்ற செய்தியும் மாலை போட்ட புகைப்படமும் பத்திரிகையில் வந்தபின் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மாத்திரை பதினைந்து நாளில் தீர்கிறது. அந்த ஊர் மருத்துவமனையில் தமிழில் எழுதிய சீட்டைப் படிக்க ஆளில்லை. வீட்டில் முன்பு விரட்டிய காரணம் அப்படியே இருக்கிறது. இரண்டாம் மாதம் அவர் மறுபடி ரயிலில் இருப்பார். அனுப்பும்போது 30 நாள் மாத்திரை, ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ சிகிச்சைச் சுருக்கம், அவருடைய வட்டாரத்து மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருவார் என்ற குறிப்பு, மூன்றும் கையில் இருக்க வேண்டும். பிறகு 3, 10, 30, 90-ஆம் நாட்களில் போன். பத்தாம் நாள் போன்தான் முக்கியம். வந்த சந்தோஷம் வடிந்து சண்டை தொடங்கும் நேரம் அது. வீட்டுக்குப் போக விரும்பாதவரையும் வீடே இல்லாதவரையும் அனுப்பிவைப்பதில் பொருளில்லை. மனநோயால் தெருவுக்கு வந்தவர்களுக்காகச் சென்னையில் 1993-இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு செய்வது போல, நான்கைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, உதவிக்கு ஒரு பணியாளர் என்ற ஏற்பாடு பெரிய காப்பகத்தைவிட நம் மாதிரி ஊருக்குப் பொருந்தும்.

காப்பகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு இடம், ஆளுக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2011 கணக்குப்படி திருத்தணி அரை லட்சத்தைக்கூடத் தொடாத ஊர். ஆகவே கோயில் நகரத்துக்கு வந்து சேரும் கூட்டம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் அது வராது. நெறிமுறையில் 50 பேர் தங்கும் இடத்துக்குப் பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு 6 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வரவில்லை. ஒரு மேலாளர், மூன்று வேளைக் காவலர்கள் சம்பளமே அதில் அடங்காது. அடங்காதபோது இரவுக் காவலர் இல்லாமல் போகிறார், அவரில்லாத காப்பகத்தில் பெண்களும் முதியவர்களும் தங்க மாட்டார்கள்.

இந்த ஊருக்கு 20 பேர் தங்கும் வீடு ஒன்று போதும். படுக்க 1,000 சதுர அடி, அதில் பெண்களுக்குத் தனி வாசலோடு தனிப் பகுதி, இரண்டு கழிப்பறை, அவற்றில் ஒன்று கைப்பிடியோடு மேற்கத்திய வகை, துணி துவைக்கும் கல், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி. இடம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இலவசமாக இடம் தருகிறார்கள் என்று ஏற்றுக்கொண்டால் அந்தக் கட்டடம் காலியாகக் கிடக்கும். பூக்கூடையோடும் குப்பை மூட்டையோடும் காலை நான்கு மணிக்கு வேலை தொடங்குபவர் அங்கே வரமாட்டார். வாசலில் ஆதார் கேட்பது, இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பது, கணவன் மனைவியைப் பிரிப்பது, தள்ளுவண்டி நிறுத்த இடமில்லாதது, நாயை விரட்டுவது ஆகியவைதான் ஆள் வராததற்குக் காரணம். "கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்பவர்கள் அவர்களது கதவில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

பகலில் பூட்டுவதும் பெரிய தவறு. மே மாதத்தில் தமிழ்நாட்டின் அதிக வெயில் பட்டியலில் திருத்தணியும் வேலூரும் திரும்பத் திரும்ப வருவதைப் பத்திரிகையே போடுகிறது. இங்கே தெருவில் இருப்பவரைக் கொல்வது குளிரைவிட வெயில். அக்னி நட்சத்திரக் காலத்தில் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை நிழலும் தண்ணீரும் உள்ள ஒரு மண்டபத்தைத் திறந்துவைப்பது போர்வை தானத்தைவிடப் பெரிய காரியம்.

உள்ளே வந்தவர்களிடம் உடனே கெட்டுப்போகும் விஷயங்கள் இரண்டு. ஒன்று சொறி சிரங்கு. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் இருக்கும். மருத்துவர் ஒப்புதலோடு, அங்கே தங்கும் எல்லோருக்கும் பணியாளர்களுக்கும் ஒரே இரவில் 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, அக்குள், தொப்புள், நக ஓரம் உட்பட உடம்பு முழுக்கப் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. அதே நாளில் துணி, பாய், போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். அலச முடியாதவற்றை பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் ஒதுக்கி வைக்கலாம். அரிப்பு அதன்பின்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசக் கூடாது.

மற்றது குடி. தினமும் குடித்துக்கொண்டிருந்தவரைக் "திருத்துகிறோம்" என்று கொண்டுவந்து பூட்டினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனம் பேதலித்துக் கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும், உயிரும் போகும். கை நடுக்கம், வியர்வை, வாந்தி கண்டால் பெரிய மருத்துவமனைதான். நாட்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே வயிறு முட்டப் பரிமாறுவதும் ஆபத்து. மூன்று நான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை. அவர் மிக மெலிந்திருந்தால் முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

ஒரு வேண்டுகோள், கோபத்தோடு. தெருவில் இருப்பவரைப் பிடித்து முடிவெட்டிக் குளிப்பாட்டி "முன்பு, பின்பு" என்று வீடியோ போடுவதை நிறுத்துங்கள். அந்தப் பெரியவருக்கு மகளோ பேத்தியோ இருந்தால் அது அவர்கள் போனுக்கும் போகும். வெட்கத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. உள்ளே சேர மறுப்பவர்களில் சிலர் கேமராவைப் பார்த்துத்தான் மறுக்கிறார்கள்.

தெருவுக்கு வருவதற்கு முன்பே தடுப்பது எல்லாவற்றிலும் மலிவு. இரண்டு மாத வாடகை பாக்கிதான் பல குடும்பங்களின் கடைசிப் படி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, வாடகை நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்றவும் முடியாது. நடைமுறையில் பத்து மாதம் கேட்கிறார்கள், சாமானைத் தெருவில் வைக்கிறார்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் மகளிர் குழுக்களோ, தறி உரிமையாளர் சங்கமோ, சுழல்நிதியாக ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கினால், வீட்டு உரிமையாளருக்கே நேராக இரண்டு மாத வாடகை கட்டி, வாரம் நூறு ரூபாயாகத் திரும்ப வாங்கலாம். பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது முதலில் மீட்டர் வட்டிக்காரருக்குப் போய்விடும். கேரளம் 2021-இலிருந்து கடும் வறுமையில் இருந்த 64,006 குடும்பங்களைக் கணக்கெடுத்து, குடும்பத்துக்குக் குடும்பம் தனித் திட்டம் எழுதியது. 2025 நவம்பரில் அது அறிவித்த வெற்றியை ஒப்பாதவர்கள் உண்டு. ஆனால் "இந்தக் குடும்பத்துக்கு இல்லாதது அடையாள அட்டையா, மருந்தா, கூரையா" என்று ஒவ்வொன்றாக எழுதிய அந்த முறை, ஒரு வார்டு அளவில் யாரும் செய்யக்கூடியது.

பிச்சைத் தடைச் சட்டத்தைப் பயன்படுத்தச் சொல்பவர்களுக்கு ஒரு வரி. நம்மிடம் இருப்பது 1945-ஆம் ஆண்டுச் சட்டம். அதே வகையான சட்டத்தின் பிரிவுகளை 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் அங்கே செல்லாது என்றது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் தடை கேட்ட மனுவில் வறுமையைப் பார்க்கச் சொன்னது.

திருத்தணி, நகரி, புத்தூர் நகராட்சிகளின் சமுதாய அமைப்பாளர்கள், இருபுறக் காவல் நிலையங்களில் ஒவ்வொருவர், ரயில்வே காவல்துறை, அரசு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர் என எட்டு ஒன்பது பேர் மாதத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கூட்டம் ஒரு மாதம் இந்தப் பக்கம், மறு மாதம் அந்தப் பக்கம். யாரையும் எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்புவதென்றால் அங்கே பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் ஆள் இருக்க வேண்டும், இல்லையேல் அனுப்பக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திடலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முன் மூன்று இரவுக் கணக்கெடுப்பை முடித்துவிட்டால், அப்புறப்படுத்தச் சொல்லி மனு வரும்போது பெயர்ப் பட்டியலை எடுத்து மேசையில் வைக்கலாம்.

இப்படிக்கு,
வீடற்றோர் பணியில் ஈடுபட்டுள்ளோர்,
திருத்தணி – நகரி வட்டாரம்